தோல்வி முதலில், வெற்றி பிறகு

அவனியாபுரம், அழகர் வீடு. புதன்கிழமை காலை பத்து மணி. இருந்தவர்களைச் சொல்கிறேன்.

சிக்கந்தர் பாய், கேமரா. ஜெயராஜ், மைக். நான், லைட். ஷேர் ஆட்டோ ஓட்டும் அழகர். அவர் மனைவி பஞ்சவர்ணம். பஞ்சவர்ணத்தின் தம்பி முருகேசன், டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவர். அடுத்த வீட்டு நூர்ஜகான் அக்கா. கட்டிலில் ஒரு பூனை. சுவரோரம் ஒரு டிவி, அது ஓடவில்லை.

அழகரின் மகள் செல்வி அங்கே இல்லை. சென்னையில் இருந்தாள். அவளுக்காகத்தான் போயிருந்தோம்.

எங்கள் வீடியோத் தொழிலாளர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நாலு மாதமாகக் கேட்கிறார்கள். எனக்கு எழுத வராது, எட்டாவது வரைதான் படிப்பு என்று சொல்லித் தப்பித்து வந்தேன். போன வாரம் சங்கத்தில் ஒருவர், "பாண்டிண்ணே, அந்த ஆறுதல் ஆட்டோ வீடியோ நீங்க லைட் புடிச்சதாமே?" என்றார். ஆமாம் என்றேன். "அது எப்புடி மாறிப் போச்சு?" என்றார். அதைச் சொன்னால் என் தப்பையும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றாகிவிட்டது. சொல்லலாம்.

முப்பத்தோரு வருஷம் லைட் பிடித்தேன். திருநகரில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். கல்யாண வீடியோ. ஹாலோஜன் லைட்டைத் தலைக்கு மேல் தூக்கி நிற்க வேண்டும். கை சுடும். மூன்று வருஷம் சுட்டுக்கொண்டேன். பிறகு சிக்கந்தர் பாய் கூப்பிட்டார். டவுனில் காஜிமார் தெருப் பக்கம் அவர் வீடு. மாசி வீதியில் மாடியில் சின்ன ஆபீஸ். சென்னை சேனல்களுக்கு மதுரையில் ஏதாவது எடுக்க வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் என்னைக் கூப்பிடுவார். அவ்வளவுதான் என் வேலை வரலாறு.

சேனல்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பாட்டு விருது விழா நடத்தும். அதற்கு எங்களுக்கு இரண்டு விதமான வேலை வரும்.

ஒன்று, ஒளிபரப்பு முடிந்த மறுநாள் தெருவில் நின்று ஜனங்களின் கருத்தை எடுப்பது. சமயநல்லூர் டீக்கடையில் ஒருவர் கொதித்துப்போய்ப் பேசினார். "அவருக்குக் குடுக்காம வேற ஆளுக்குக் குடுத்தது அநியாயம்ங்க."

"அந்தப் பாட்டு அம்புட்டுப் பிடிக்குமாண்ணே?" என்று ஜெயராஜ் கேட்டார்.

"பாட்டக் கேக்கல. அவரு எங்க ஊருக்கு ஒருவாட்டி வந்துருக்காரு."

திருநகரில் ஒரு அம்மாவிடம் சிறந்த பாடகி விருது சரியா தப்பா என்று மைக்கை நீட்டினோம். அவர் பையைக் காட்டி, "மொதல்ல லைட்ட அமத்துங்க. கீரை வாடுது," என்றார். அதையும் ஒளிபரப்பினார்கள்.

இன்னொன்று, விழாவுக்கு முன்னாடியே எடுப்பது. அதுதான் பலருக்குத் தெரியாது. விருதுக்குப் பேர் போயிருக்கிறவர்களின் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டு ஆட்களை டிவி முன்னால் உட்கார வைக்க வேண்டும். விழாவே நடந்திருக்காது, டிவியில் ஒன்றும் ஓடாது. அவர்கள் பார்ப்பது மாதிரி எடுக்க வேண்டும். இரண்டு கிளிப். விருது கிடைத்தால் வீடு எப்படி இருக்கும் என்று ஒன்று. கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று ஒன்று. யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் வீட்டுச் சந்தோஷத்தை விழா மேடையில் பெரிய ஸ்கிரீனில் போடுவார்கள். தோற்றவர்களுக்கு, அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே வீட்டு முகத்தைக் காட்டுவார்கள். அடுத்த ஞாயிறு எல்லாம் டிவியில் வரும்.

டிவி ஓடாவிட்டாலும் முகத்தில் ஓடுவது போல் தெரிய வேண்டும். அது என் வேலை. லைட்டில் நீல ஜெலட்டின் பேப்பரைக் கிளிப் போட்டு மாட்டுவேன். அதற்கு முன்னால் கையை ஆட்டுவேன். விரலை விரித்து, மடக்கி, மெதுவாக, வேகமாக. முகத்தில் படம் ஓடும். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி வைப்பேன். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம் கை ஆட்டினால் தோள்பட்டை விட்டுப்போகும்.

பாய்க்குச் சில முறைகள் உண்டு. வீட்டுக்குள் போனதும் கேமராப் பையைத் திறக்க மாட்டார். உட்கார்ந்து, அந்த வீட்டுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிப்பார். எல்லார் பேரையும் கேட்பார். பூனை பேரைக்கூடக் கேட்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சட்டை கசங்கியும் பார்த்ததில்லை. ஸ்டார்ட், ஆக்‌ஷன் எல்லாம் கிடையாது. உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லுவார். ஒரு விரலைத் தூக்குவார். விரல் தூக்கினால் மேடையில் பேர் வாசித்துவிட்டார்கள் என்று அர்த்தம். வீட்டு ஆட்கள் அப்போது என்ன செய்கிறார்களோ அதுதான் படம்.

முக்கியமான முறை, தோல்வி முதலில். வெற்றி பிறகு. காரணம் கேட்டேன்.

"ஜெயிச்ச மனுஷன் திரும்பத் தோக்க மாட்டான் பாண்டி. சிரிச்ச மூஞ்சி எறங்காது. தோத்தத மொதல்ல எடுத்துரணும்," என்றார்.

எந்த வீட்டிலும் அந்த வரிசை மாறியது கிடையாது. எடுத்த படம் இருக்கும் மெமரி கார்டுக் கவர் மேல் ஒட்டுகிற சீட்டு எழுதுவது நான். ஊர், பேர், அதற்குக் கீழே ஒன்று தோல்வி, இரண்டு வெற்றி. வரிசை மாறாது என்பதால் போகும்போதே வேனில் எழுதி வைத்துவிடுவேன். அன்றும் அவனியாபுரம் போகிற வழியில் எழுதினேன்.

செல்வி ஒரே ஒரு சினிமாப் பாட்டு பாடியிருந்தாள். அது ஓடிவிட்டது. புதுக்குரல் விருதுக்குப் பேர் போயிருந்தது. அந்த விருது ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. ஓட்டு வெள்ளிக்கிழமை வரை. விழா சனிக்கிழமை. அதனால் புதன்கிழமை யாருக்கும் எதுவும் தெரியாது, சேனலுக்கும்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சவர்ணம் பாயிடம் சொல்லிவிட்டார். பாட்டுப் பாட சென்னைக்குப் போகிறேன் என்று மகள் நின்றபோது அழகர், போனால் அப்படியே போய்விடு என்றாராம். அவள் போய்விட்டாள். இரண்டு வருஷம். அம்மாவோடு தினம் போன் பேசுகிறாள். அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை கிடையாது. ஊருக்கும் வரவில்லை.

அழகர் காக்கிச் சட்டையோடு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாய் எழுந்து வேலையைச் சொன்னார். முதலில் கிடைக்காத மாதிரி எடுப்போம் என்றார்.

பஞ்சவர்ணம் எழுந்துவிட்டார். "அந்த வேலையே வேணாம். நல்ல காரியத்துக்கு வந்துட்டு மொதச் சொல்லே கெடைக்கலன்னா சொல்லுவாக? மொதல்ல நல்லத எடுங்க. இல்லாட்டி நான் அடுப்படிக்குப் போறேன்."

"இல்லம்மா, எங்க முறை ஒண்ணு இருக்கு."

"ஒங்க முறைய ஒங்க வீட்ல வச்சுக்கங்க பாய்."

நூர்ஜகான் அக்காவும், "ஆமா பாய், பிள்ளைக்கு துஆ செய்யிற நேரத்துல ஏன் இந்தப் பேச்சு," என்றார். பாய் என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். வெற்றி முதலில் என்றாயிற்று. என் பையில் சீட்டு எழுதியபடி இருந்தது. எனக்கு அது நினைப்பே இல்லை.

பாய் விரலைத் தூக்கினார். நான் கையை ஆட்டினேன்.

பஞ்சவர்ணம் கத்திய கத்தலில் பூனை ஓடிவிட்டது. நூர்ஜகான் அக்கா அவர் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். முருகேசன் விசிலடித்துக் குதித்து என் தெர்மாகோலை உடைத்தார். அழகர் மட்டும் அசையவில்லை.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க," என்றார் பாய்.

"சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

"மச்சான், ஆர்.டி.ஓ. ஆபீசுல வண்டியக் காட்ட வந்த மாதிரி ஒக்காந்துருக்கீக," என்றார் முருகேசன்.

"நீ பொத்து மாப்ள."

மூன்று தடவை எடுத்தோம். மூன்று தடவையும் கல் மாதிரி இருந்தார். அதற்குள் தெருவில் கூட்டம். முருகேசன் பட்டறை ஆட்கள் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். ஒரு அம்மா வாசலில் நின்று, "செல்வி ஜெயிச்சிருச்சா?" என்றார்.

பாய் வெளியே போய், "இன்னும் இல்லம்மா. சும்மா எடுத்துப் பாத்தோம்," என்றார்.

"சும்மா ஜெயிச்சுப் பாத்தீகளா?"

பாய் உள்ளே வந்தார். மூன்றாவதை மட்டும் கார்டில் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தார்.

அடுத்தது தோல்வி. பஞ்சவர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாய் கட்டாயப்படுத்தவில்லை. "நீங்க அழுக வேணாம்மா. சும்மா ஒக்காருங்க. அங்க வேற பேர வாசிச்சுட்டாங்க. செல்வி கூட்டத்துல தனியா ஒக்காந்துருக்கு. அப்ப அதுக்கு ஒங்க மூஞ்சி தெரியும். அம்புட்டுத்தான்."

அழகர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "அவ என்னையப் பாப்பாளா?"

"பெரிய ஸ்கிரீன்ல."

"நான் பேசுனா கேக்குமா?"

"ஜெயராஜு எதுக்கு மைக்கோட நிக்கிறாரு?"

அழகர் சட்டைக் காலரைச் சரி செய்தார். பாய் விரலைத் தூக்கினார்.

"தாயி," என்றார் அழகர். "கெடைக்கலைன்னா விடு. வாங்குன பிள்ளையும் நல்லாத்தான் பாடுச்சு. நீ கண்ணத் தொடச்சுக்க. ஒம் பாட்ட அப்பன் கேக்கலன்னு ஒங்கம்மா சொல்லியிருப்பா. பொய்யி. வண்டியில ஒம் பாட்டு ஓடுச்சுன்னா அது முடியிற வரைக்கும் ஸ்டாப்ப விட்டு எடுக்க மாட்டேன். ஆளுக வையிறாய்ங்க. வஞ்சுட்டுப் போறாய்ங்க. போயிருன்னு சொன்னேன்ல, அது எந் தப்புத்தான். வீட்டுக்கு வா. ஒங்கம்மா கருவாட்டுக் கொழம்பு வைப்பா."

பேசப் பேச முகம் விரிந்துகொண்டே வந்தது. கடைசியில் பல் தெரியச் சிரித்தார். கையைக்கூடத் தட்டினார், தோற்ற மகளுக்கு.

"கருவாடு தீந்துபோச்சு," என்றார் பஞ்சவர்ணம். மைக் அதையும் பிடித்தது.

"வாங்கிக்கிருவம்," என்றார் அழகர்.

பாய் விரலை இறக்கினார். நான் கையை ஆட்டவே மறந்திருந்தேன். அந்த கிளிப்பில் வெளிச்சம் அசையாமல் நிற்கும். பாய் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை.

"இம்புட்டையும் வாய்க்குள்ளயே வச்சுருந்தீகளே மச்சான்," என்றார் முருகேசன்.

பஞ்சவர்ணம் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "ரெண்டு வருசமா எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவகிட்டச் சொல்லிருவ."

"சொன்னா என்னவாம்?"

அழகர் எழுந்து உடைந்த தெர்மாகோல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சாமானை வேனில் ஏற்றும்போது அழகர் பின்னால் வந்தார். பாயிடம் கேட்டார். "ஜெயிச்சுட்டா நான் பேசுனது வராதுல்ல?"

"வராதுண்ணே. ஜெயிச்சா முதல்ல எடுத்தது மட்டுந்தான் வரும்."

வண்டிச் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். "சரி. ஜெயிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

வேன் வில்லாபுரம் தாண்டியது. பிறகு, "பாண்டி, அந்தப் பிள்ளை தோக்கணும்னு துஆ கேக்கலாமா?" என்றார் பாய்.

"கேக்கக்கூடாது பாய்."

"ம். கேக்கக்கூடாதுதான்."

கார்டைக் கவரில் போட்டேன். பையில் இருந்த சீட்டை எடுத்து ஒட்டினேன். சென்னை பஸ்ஸில் கொடுத்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீசில் டீ வந்திருந்தது. சென்னையிலிருந்து புரொடியூசர் மேடம் போன். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், என்ன அனுப்பினீங்க நீங்க?"

செல்விக்குத்தான் விருது. மேடையில் விருதைக் கையில் வாங்கி நின்றிருக்கிறாள். இப்போது உங்கள் வீட்டுச் சந்தோஷத்தைப் பாருங்கள் என்று தொகுப்பாளர் சொல்ல, ஸ்கிரீனில் அழகர் வந்தார். "தாயி, கெடைக்கலைன்னா விடு," என்றார்.

மேடம் சொன்னார். "ஹால்ல ஒரு செகண்டு யாருக்கும் ஒண்ணும் புரியல. அப்புறம் சிரிச்சாங்க. நிறுத்துன்னு கத்துறேன், நிறுத்த வேண்டிய ஆளே வாயப் பொளந்து பாத்துட்டு நிக்கிறாரு. முழுசா ஓடிருச்சு. கருவாடு வரைக்கும்."

"பிள்ளை என்ன பண்ணுச்சு?" என்றார் பாய்.

"அழுதுச்சு, சிரிச்சுச்சு. மைக்கைப் பிடிச்சு ஸ்கிரீனைப் பாத்து, 'கருவாடு நான் வாங்கிட்டு வாரேன்ப்பா'ன்னுச்சு. மொத்த ஹாலும் எந்திரிச்சிருச்சு பாய்."

பிறகு மேடம் குரல் மாறியது. "ஆனா ஒங்க சீட்டுல ரெண்டாவது வெற்றின்னு எழுதியிருக்கு. பத்து வீட்டு கிளிப்பு, நேரமே இல்ல. சவுண்ட் வைக்காம அப்பா முகத்தை மட்டும் பாத்தோம். ரெண்டாவதுலதான் சிரிக்கிறாரு. சரின்னு போட்டாச்சு. யாரு எழுதினது?"

நான் டீ கிளாசைக் கீழே வைத்தேன்.

"நாந்தான் மேடம், கவனிக்கல," என்றார் பாய்.

"பரவால்ல. மேல இருந்து கேட்டாங்க. அப்படியே ஒளிபரப்பச் சொல்லிட்டாங்க."

போனை வைத்தார். நான் எழுந்து நின்றேன். "பாய், வேன்லயே எழுதிட்டேன். வரிசை மாறுனது..."

"ஒக்காரு." டீயை என் பக்கம் தள்ளினார். "சீட்டு இனிமேலும் நீயே எழுது. வேற ஆளுக எழுதுனா சரியா எழுதிருவாய்ங்க."

அவர் ஜோக் அடித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஆனால் அதற்குப் பிறகு சீட்டை வேனில் எழுதவில்லை. எடுத்து முடித்து, கேமராவில் போட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். ஓய்வு பெறும் வரை.

செவ்வாய்க்கிழமை விடியக்காலை செல்வி மாட்டுத்தாவணியில் இறங்கினாள். ஒரு கையில் விருது. ஒரு கையில் கருவாட்டுப் பொட்டலம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை இடம் மாறினாராம். கூப்பிட அழகர் ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போயிருந்தார். திரும்பி வரும் வழியில் கைகாட்டிய யாரையும் ஏற்றவில்லை என்று முருகேசன் சொன்னார். "இம்புட்டு எடத்த வச்சுக்கிட்டு நிக்காமப் போறீகளேன்னு ஒருத்தரு பின்னாடியே ஓடி வந்தாராம். மச்சான் அவர்கிட்ட, வண்டி நெறஞ்சிருக்குன்னாராம்."

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஒளிபரப்பு. எனக்கு அழகர் வீட்டில் வேலை இல்லை. ஆனாலும் போனேன். பாயும் வந்தார், கேமரா இல்லாமல். தெரு முழுக்க வீட்டில் இருந்தது. நான் உட்கார்ந்தது டிவி பக்கத்தில், ஆட்களைப் பார்த்து. இத்தனை வருஷம் கையை ஆட்டிச் செய்த வெளிச்சம், நிஜமாகவே முகங்களில் விழுந்துகொண்டிருந்தது. நான் ஆட்டியதைவிட மெதுவாக இருந்தது. நான் வேகமாக ஆட்டியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

"தாயி, கெடைக்கலைன்னா விடு" வந்ததும் வீடு அதிர்ந்தது. அழகர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். செல்வி துண்டைப் பிடித்து இழுத்தாள். "பாருப்பா. ஒன்னையப் பாரு."

"மூஞ்சி இம்புட்டுப் பெருசாவா காட்டுவாய்ங்க," என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"அங்க இதவிடப் பெருசு. ஒம் மூக்கே ஒரு ஆட்டோ இருந்துச்சு."

"நல்லவேளை, அந்த ஜெயிச்ச மூஞ்சியப் போடல," என்றார் நூர்ஜகான் அக்கா. பஞ்சவர்ணம் பாயைப் பார்த்தார். "மொதல்ல நல்லத எடுங்கன்னு நான் சொல்லாட்டி இது நடந்துருக்குமா?"

"நடந்துருக்காதும்மா," என்றார் பாய். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் வழக்கம் போல் ஜனங்களின் கருத்து எடுக்கத் தெருவுக்குப் போனோம். யார் ஜெயித்தது, யார் தோற்றது என்று யாரும் பேசவில்லை. எல்லோரும் அழகரைப் பற்றிப் பேசினார்கள். சமயநல்லூரில் அதே டீக்கடை. ஒருவர், "இதெல்லாம் நடிப்புங்க. சொல்லிக்குடுத்துப் பேச வைப்பாய்ங்க," என்றார்.

பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "சொல்லிக்குடுத்தா ஜெயிச்ச பிள்ளைக்கு ஆறுதல் சொல்லச் சொல்லுவாய்ங்களா? யோசிச்சுப் பேசுப்பா."

"அப்ப ஏன் அப்புடிச் சொன்னாரு?"

"பெத்தவரு. எதுக்கும் முன்கூட்டியே சொல்லி வச்சாரு."

அந்தக் கருத்தை மேடம் முழுசாகப் போட்டார். போன் போனாகப் பரவி அழகருக்கு ஆறுதல் ஆட்டோ என்று பேர் விழுந்துவிட்டது. பரீட்சையில் தவறிய பிள்ளைகள் அவர் வண்டியைத் தேடி ஏறுகிறார்களாம். அவரும் இரண்டு வார்த்தை சொல்லி இறக்கிவிடுவார்.

இப்போது சேனல்கள் அந்தந்த வீட்டு ஆட்களையே செல்போனில் எடுத்து அனுப்பச் சொல்லிவிடுகின்றன. லைட் வேண்டாம், சீட்டு வேண்டாம். நல்லதுதான். தோள்பட்டை தப்பியது. பாய் ஆபீசை மருமகனிடம் கொடுத்துவிட்டார். வாரம் ஒரு தடவை போன் செய்வார். இரண்டு நிமிஷம் பேசுவார்.

செல்வி அன்று இரண்டு நாள் இருப்பேன் என்று சொல்லித்தான் வந்தாள். சென்னையில் ரெக்கார்டிங் இருந்தது. புதன்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட்டும் போட்டிருந்தாள். அதை ரத்து செய்தாள். வெள்ளிக்கிழமைக்குப் போட்டாள். அதையும் ரத்து செய்தாள். பிறகு ஒருநாள் அவனியாபுரத்தில் அழகர் வண்டியில் ஏறியபோது கேட்டேன், மொத்தம் எத்தனை நாள் இருந்தாள் என்று. யோசிக்காமல் சொன்னார்.

பதினோரு நாள்.